கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

போன வாரம் சென்னையிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிட்டாள். முகம் வந்தது, சத்தம் வரவில்லை. நான் பாட்டுக்கு அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், மூட்டுவலி மாத்திரை முடிந்துவிட்டதா என்பதுவரைக்கும். சத்தம் வந்த பிறகு விஷயத்தைச் சொன்னால், "எப்படிம்மா புரிஞ்சுது?" என்று வாயைப் பிளந்தாள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு சோறு இறங்கவில்லை.

உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வது சிவகாசியில் பழகியது. கல்யாணமான புதிதில், காலண்டர் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் தாள் பிரிக்கும் வேலை எனக்கு. சீசனில் எல்லா மெஷினும் சேர்ந்து ஓடும். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. எதிர் மேஜையில் சகாயமேரி, என்னைவிட வாயாடி. முதல் மாதம் அவள் உதடு அசைந்ததற்கெல்லாம் தலையை ஆட்டி வைத்தேன். அப்படி ஆட்டியே அவள் வீட்டு விசேஷத்துக்குச் சமைக்க ஒத்துக்கொண்டிருந்தேன் என்பது, அவள் கரண்டியோடு வந்து நின்றபோதுதான் தெரிந்தது. பிறகு பழகிவிட்டது. மாமியார் கதை முழுக்க உதட்டிலேயே ஓடும். சூப்பர்வைசரைத் திட்டும்போது மட்டும் வாய்க்குப் பக்கவாட்டில் ஒரு தாளைப் பிடித்துக்கொள்வோம். அங்கே எல்லாருக்கும் உதட்டைப் பார்த்தே புரியும்.

வருஷம் பூராவும் வேலை உண்டு என்று சகாயமேரி எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு வெடி கம்பெனிக்கு மாறினாள். வீட்டில் சும்மா இருந்த தங்கச்சி ரோஸியையும் கூட்டிக்கொண்டு போனாள்.

ஒரு மத்தியானம் சகாயமேரியின் புருஷன் சேவியர் பிரஸ் வாசலில் வந்து நின்றார். "கம்பெனியில வெடிச்சுருச்சுக்கா. ரோஸி அங்கனயே போயிட்டா. இவளுக்குக் குரலே போச்சு. உதடு மட்டும் அசையுது, ஒண்ணும் வெளங்கல. நீங்க வாங்கக்கா."

தீக்காய வார்டுக்குள் விடமாட்டார்கள். சத்தம் உள்ளே போகாத கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கட்டுகளுக்கு நடுவே கண்ணும் உதடும் தெரிந்தன. "ரோஸி எங்க?" என்றாள். அதைத்தான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மதுரைக்குக் கொண்டு போயிருக்காக. நல்லா இருக்கா," என்று உதட்டாலேயே பொய் சொன்னேன்.

"நாந்தான் கூட்டிட்டுப் போனேன். அவ பொழைச்சாப் போதும்."

அதுவரை ஒரு வாய்கூடக் குடிக்க மறுத்தவள், நர்ஸ் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். "இப்படியே பேசிட்டிருங்க, தேறிருவாங்க," என்றார் வெளியே வந்த நர்ஸ். எனக்கும் உயிர் வந்தது.

மறுநாள் சேவியர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று அழுதார். "ரோஸியை எப்பக்கா அடக்கம் பண்ண?"

"சாயங்காலமே பண்ணிருங்க. செத்தது இவளுக்குத் தெரியவே கூடாது," என்றேன். ஆஸ்பத்திரி ஆயிற்றே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டேன். பாவி, குரலைத்தான் தாழ்த்தினேன். நிமிர்ந்தால், சகாயமேரி என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு தண்ணீரும் வேண்டாமென்றுவிட்டாள். கண்ணாடியைத் தட்டினேன். "மேரி, இங்கன பாருடி, ஒரு தடவ பாருடி," என்று, காதால் கேட்பவளைக் கூப்பிடுவது போலக் கத்தினேன். இரண்டு நாள் அங்கேயே கிடந்தேன். திரும்பவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அந்தப் பிரஸ் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். சேவியரும் ஊரை விட்டுப் போய்விட்டார். அவள் போன அன்றைக்குப் படுக்கையைச் சுருட்டி வெளியே எடுத்து வந்த நர்ஸ் சொன்னார், அந்த இரண்டு நாளும் அவள் உதடு ஓயாமல் அசைந்துகொண்டேதான் இருந்ததாம். சுவர்ப் பக்கம் போய் நின்று பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு ஒன்றும் புரியவில்லையாம்.