வலது பக்கம் திரும்பாமல் ஜவ்வாது மலைக்கு

சத்துவாச்சாரியிலிருந்து நாங்கள் கிளம்பியபோது காலை எட்டு மணி இருக்கும். ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் பெய்து, அன்றைக்குத்தான் வெயில் முகம் காட்டியது. பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எந்த ஊருக்குப் போனோம் என்று முதலில் சொல்வார்கள். எங்களுக்கு அது தெரியாது. வண்டி தெருவைத் தாண்டும்வரை, உண்மையாகவே போகப் போகிறோமா என்பதுகூடத் தெரியாது.

என் கணவர் எட்வின் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர். ஜூன் மாதம் வேலை நேரத்தில் வலிப்பு வந்து விழுந்தார். அதற்கு முன்பு வந்ததில்லை, பிறகும் வரவில்லை. வேலைக்குப் போகலாம், பஸ்ஸில் போகலாம், ஒரு வருடத்துக்கு வண்டி மட்டும் ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். கடைசியாகச் சொன்னதை மட்டும்தான் நான் காதில் வாங்கினேன். நான் ஒரு ஆஸ்பத்திரியில் பில்லிங் பிரிவில் இருப்பவள். நாள் முழுக்க நோயாளிகளைப் பார்ப்பதால் தைரியம் வரும் என்று நினைப்பார்கள். எனக்குப் பயம்தான் ஜாஸ்தியானது. அவருடைய லீவை நீட்டிக்கொண்டே போனோம். அவர் குளிக்கப் போனால் கதவைத் தாழ்ப்பாள் போட விடமாட்டேன்.

நாங்கள் கிளம்பிய அந்தச் சனிக்கிழமை காலையில் அவர் சொல்லாமல் பால் வாங்கப் போய்விட்டார். வீட்டில் ஆளைக் காணாமல் நைட்டியோடு தெருவில் ஓடினேன். முனைக் கடையில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரை, எல்லாரும் பார்க்க, கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வீட்டுக்குள் வந்ததும் அவர் கார் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஹெலன், எங்கயாவது கூட்டிட்டுப் போ."

"எங்க?"

"நானும் சொல்ல மாட்டேன், நீயும் கேக்காத. இந்த வீட்ட வுட்டு வெளிய போனா போதும்."

என்னிடம் லைசன்ஸ் இருந்தது. எடுத்துப் பல வருடம் ஆகிறது. சர்ச்சுக்கும் மார்க்கெட்டுக்கும் தவிர நான் எங்கும் ஓட்டிப் போனதில்லை. எதிரே வரும் வண்டிகளுக்கு நடுவே வலது பக்கம் திரும்புவது என்றாலே காரை ஓரமாக நிறுத்திவிடுவேன். "வலது பக்கம் திரும்ப மாட்டேன். லெப்ட்ல எந்த ரோடு வருதோ அதுலதான் போவேன்" என்றேன். அவர் சிரித்தார். அதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே இரண்டு நாளைக்கான மாத்திரை, மாற்றுத் துணி, இரண்டு பாட்டில் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டேன்.

சர்வீஸ் ரோட்டிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறியபோது மூச்சை எப்போது விட்டேன் என்று நினைவில்லை. பள்ளிகொண்டா டோல் தாண்டியபோது விட்டிருக்கலாம். இடது ஓரத்திலேயே ஐம்பதில் போனேன். தோல் ஏற்றிய லாரிகள்கூட எங்களை முந்திப் போயின. எட்வின் ஒவ்வொன்றுக்கும் குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். கண்ணாடியப் பாரு, கியர் மாத்து, அவன் வர்றான் வுட்டுடு.

ஆம்பூர் நெருங்கும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தும் தோல் பதனிடும் வாடை உள்ளே வந்தது. எட்வின் கண்ணாடியை இறக்கி, தலையைத் திருப்பிக் கம்பெனி இருக்கும் பக்கமே பார்த்தார். முதல் ஷிப்ட்டுக்கு வந்த பஸ்கள் வாசலில் வரிசையாக நின்றிருக்கும். கியர் மாற்றச் சொல்லவும் மறந்துவிட்டார்.

ஆம்பூர் வழியாகப் போய் பிரியாணி சாப்பிடாமல் கடந்தவர்கள் எங்களைத் தவிர யாராவது இருப்பார்களா தெரியவில்லை. காலை பத்து மணிக்கே அண்டா திறந்த கடைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கடை முன்னாலும் வண்டிகள் நெருக்கி நின்றன. அந்த இடைவெளிகளில் காரைச் செருக எனக்குத் தெரியாது. "அதோ அங்க நிறுத்து" என்று எட்வின் சொன்ன ஐந்து இடங்களையும் தாண்டிப் போனேன். கடைசியில் அவர் கையைக் கட்டிக்கொண்டு, "வாசன மட்டும் போதும்னு வேண்டிக்கினு வந்திருக்கியா?" என்றார்.

வாணியம்பாடியில் பெரிய ரோட்டை விட்டு இடது பக்கம் இறங்கினோம். நிறுத்த இடம் தாராளமாக இருந்த ஒரு டீக்கடை கிடைத்தது. டீ பதினைந்து ரூபாய், சமோசா பத்து. கல்லாவில் இருந்த பாய் யாரிடமோ உருதுவில் பேசிக்கொண்டிருந்தவர் எங்களிடம் தமிழுக்கு மாறினார்.

"எந்த ஊருக்கு போறீங்கம்மா?"

"தெரியல பாய்" என்றேன்.

அவர் எட்வினைப் பார்த்தார். எட்வின், "அவங்களுக்கு ரைட்ல திரும்ப வராது" என்றார்.

பாய் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, "அப்போ ஆலங்காயம் ரோட்ட புடிங்க. பதினெட்டு கிலோமீட்டர். லாரி கம்மி. அதுக்கு மேல போனா ஜவ்வாது மலை. பேஜார் இல்லாத ரூட்டு" என்றார்.

ஆலங்காயத்தில் ஒரு சின்னக் கடையில் பிரியாணி கிடைத்தது. அரை பிளேட் தொண்ணூறு ரூபாய். கத்திரிக்காய் தொக்கு கேட்காமலே இரண்டு முறை வைத்தார்கள். எட்வின் தன் தட்டைக் காலி செய்துவிட்டு என் தட்டிலிருந்தும் எடுத்தார். மதிய மாத்திரையை நான் எடுத்து நீட்டுவதற்கு முன் அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆலங்காயம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வந்தது வினை. மழையில் கழுவிவிட்டது போல மரங்கள் பச்சையாக நின்றன, ஆனால் நான் பார்த்தது ரோட்டை மட்டும்தான். ஒரு வளைவின் ஏற்றத்தில் என்ஜின் நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன், வண்டி பின்னால் நழுவியது, மறுபடி நின்றது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. எட்வின் ஒரே சமயத்தில் கிளட்ச், பிரேக், ஹேண்ட் பிரேக் மூன்றையும் சொன்னார்.

"இறங்குங்க" என்றேன்.

"இன்னாது?"

"நீங்க இறங்கினா நான் ஓட்டுவேன்."

அவர் இறங்கினார். கதவைச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ரோட்டில் மேலே நடக்கத் தொடங்கினார். பஸ் டிரைவர் எப்படியோ ஒதுக்கி எங்களைத் தாண்டிப் போனார். நான் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மெதுவாக, எனக்கு நானே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தேன். வண்டி ஏறியது. யாரும் இல்லாத காருக்குள் "ஸ்தோத்திரம்" என்று சத்தமாகவே சொன்னேன்.

அடுத்த வளைவில் எட்வின் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. இவ்வளவு தூரம் நடந்திருக்க முடியாது. ரோட்டின் ஓரம் பள்ளம், பள்ளம் முழுக்கப் புதர். போனில் சிக்னல் இல்லை. ஜூன் மாதம் கம்பெனியிலிருந்து வந்த போன்தான் நினைவுக்கு வந்தது. நிறுத்திவிட்டு இறங்கி அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

"இங்கதாம்மா" என்று மேலேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

ரோடு மடிந்து திரும்பும் இடத்தில் ஒரு சிறிய பாலம். அதன் கட்டைச் சுவரில் எட்வின் உட்கார்ந்து சீத்தாப்பழம் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கூடையோடு ஒரு மலைக்காரப் பெண். அந்தப் பெண்தான் தான் ஏறி வந்த குறுக்கு வழியில் அவரையும் கூட்டி வந்திருக்கிறார். நான் காரை ஏற்றிக்கொண்டு போய் நிறுத்தினேன். என் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெண், "நல்லாத்தான் நடந்தாருங்க. நான்தான் மெல்ல போன்னு சொன்னேன்" என்றார்.

நான் அழுதேன். எட்வின் பழத்தைக் கீழே வைத்தார்.

"ஹெலன், எனக்கு வலிப்பு வந்தது ஒரு தடவ. உனக்குத் தினம் வருது."

பழம் பட்ட கையை அவர் துடைத்துக்கொண்டார்.

"தூங்கும்போது மூச்சு வருதான்னு கைய வெச்சுப் பாக்குற. நான் முழிச்சுக்கினுதான் இருக்கேன். நான் ஒரு ஆளுன்னே மறந்து போச்சு எனக்கு. இன்னைக்குக் கார்ல வரும்போது நீ ரோட்டையே பாத்துக்கினு வந்த. என்னப் பாக்கல. எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா?"

அவர் சொன்னது சரி. காரில் ஏறியதிலிருந்து நான் அவரைக் கண்காணிக்கவே இல்லை. பார்க்க முடியவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"நீங்களும் நான் ஓட்டுறத வாயால ஓட்டாதீங்க" என்றேன்.

"சரி."

சீத்தாப்பழம் கிலோ அறுபது ரூபாய். இரண்டு கிலோ வாங்கினோம். அந்தப் பெண்ணையும் கூடையையும் ஏற்றிக்கொண்டு அவருடைய ஊர் விலக்கில் இறக்கிவிட்டோம். எட்வின் வாயைத் திறக்கவில்லை. கஷ்டப்பட்டுத்தான் மூடியிருந்தார் என்பது தெரிந்தது.

ஜமுனாமரத்தூருக்குப் போய்ச் சேர நாலு மணி தாண்டிவிட்டது. லாட்ஜ் ரோட்டின் வலது பக்கம் இருந்தது. எதிரே ஒரு டிராக்டரும் இரண்டு ஆடுகளும் போய் முடியும்வரை காத்திருந்து, திருப்பி உள்ளே விட்டேன். அறை வாடகை ஆயிரத்து இருநூறு. இரண்டு கம்பளிக்கும் சேர்த்துத்தான். குளிர் வேலூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் அதிகம்.

ஞாயிறு காலை எட்வின் நடந்து வருகிறேன் என்றார். நான் எழுந்து செருப்பைத் தேடினேன். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். அவர் போனார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனிதான் இருந்தது, பார்த்தும் பயனில்லை. லாட்ஜ்காரம்மா கொடுத்த காபியைக் குடித்தேன், இன்னொன்றும் வாங்கிக் குடித்தேன். அவர் திரும்பி வந்தபோது பேண்ட்டின் கீழ்ப்பக்கம் பனியில் நனைந்திருந்தது. ஏரிவரை போனதாகவும், படகுகள் இன்னும் பூட்டிக் கிடப்பதாகவும் சொன்னார்.

போளூர் சுமார் நாற்பது கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். செகண்ட் கியரில் இறங்கினேன். போளூரில் இடது பக்கம் திரும்பினால் வேலூர் ரோடு. பச்சை வயல்களில் கொக்குகள் இறங்கியிருந்தன. கண்ணமங்கலத்தில் டீ குடித்து முடித்ததும் எட்வின் காரில் ஏறவில்லை.

"நான் பஸ்ல வர்றேன்" என்றார். "நாளைக்கு கம்பெனி பஸ் புடிக்கலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவ தனியா பஸ்ல போய்ப் பாக்குறேன். நீயும் தனியா ஓட்டிப் பாரு."

கண்ணமங்கலத்திலிருந்து வேலூர் இருபத்தைந்து கிலோமீட்டர். நான் சொல்ல நினைத்தவை நிறைய. "ஜன்னல் சீட்டு கிடைச்சா உக்காருங்க" என்று மட்டும் சொன்னேன். பையிலிருந்த மாத்திரை டப்பாவை அவரே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பக்கத்து சீட் காலியாக இருக்கும் கார் வேறு மாதிரி சத்தம் போடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கணியம்பாடி நெருங்கும்போது பின்னால் நீளமாக ஒரு ஹாரன். ஓரம் ஒதுங்கினேன். வேலூர் பஸ் என்னைக் கடந்தது. நடுவில் ஒரு ஜன்னலோரம் எட்வின். பக்கத்திலிருந்தவரிடம் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். கீழே ஊர்ந்துகொண்டிருந்த எங்கள் காரை எட்வின் பார்க்கவே இல்லை.

நான் ஹாரன் அடிக்கவில்லை. பஸ் முன்னால் போய் ஒரு வளைவில் மறைந்தது. அதைத் துரத்திப் பிடிக்க வேண்டும் என்று தோன்றாததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தூரத்தில் வேலூரின் மொட்டை மலைகள் தெரியத் தொடங்கின. நாற்பதிலேயே போனேன்.