பெஞ்சாகா யாரு, அக்கா?

மாற்றுத்திறனாளிகளின் உதவி மனுக்களை நிரப்பித் தருவது என் வேலை. எழுதும் தவறு என்னுடையது, அலைச்சல் அவர்களுடையது. வீட்டின் முதல் பட்டதாரி என்பதற்காக அக்கம்பக்கத்து மனுக்களெல்லாம் உங்கள் கைக்கும் வந்திருந்தால், இந்தப் பயம் உங்களுக்குத் தெரியும்.

நாற்பது படி

இது நான் பார்த்ததல்ல. அலுவலகத்தில் மூத்தவரான கமலா அக்கா சொன்னது. பிரிஞ்சாங் மலையூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லோரி கவிழ்ந்து கால்கள் செயலிழந்த வேலு அண்ணனுக்குச் சக்கர நாற்காலி கிடைத்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவருடைய வீடு சாலைக்குக் கீழே நாற்பது படி. நாற்காலியைப் பார்த்துவிட்டு அவர் கேட்டாராம்: “வீல்சேர் வந்துருச்சு கமலா, ரோடு எப்ப வரும்?”

நான் எழுதிய பெயர்

அவருக்கு மாத உதவி கேட்டு மனு எழுத நான் போனேன். “பெஞ்சாகா யாரு, அக்கா?” என்று அவர் மனைவி பார்வதி அக்காவிடம் கேட்டேன். பராமரிப்பவருக்கு மனுவில் உள்ள மலாய்ச் சொல் அது. “முனியன் அண்ணன்,” என்றார். உறவு என்ற இடத்தில் ‘சகோதரர்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

நகலைப் பார்த்த கமலா அக்கா தலையில் கை வைத்தார். முனியன் தோட்டத்து ஜாகா, அதாவது காவலாளி. ‘பெஞ்சாகா’ என்றது பார்வதி அக்கா காதில் ‘ஜாகா’ என்று விழுந்திருக்கிறது. பொய் மனு என்று தள்ளிவிட்டால்? வீட்டில் பார்க்க ஆளில்லை என்று அண்ணனை மலைக்குக் கீழே ஏதாவது இல்லத்துக்கு அனுப்பச் சொன்னால்? கமலா அக்கா சொன்னார்: “லயத்துல எல்லாரும் அண்ணன்தான் லா, அத அப்படியேவா எழுதுவ?”

விசாரணைக்கு வந்த காலை

அதிகாரி வீட்டுக்கு வரும் நாளில், அவருக்கு முன்னால் போய்ச் சேர ஓடினேன். மூடுபனியில் ஒருவர் படியேறி வந்துகொண்டிருந்தார். முதுகில் வேலு அண்ணன்.

“மெதுவா ஏறுடா முனியா, நான் என்ன கொழுந்து மூட்டையா?”

“மூட்டை வாய் பேசாது.”

மேலே, சாலையோரத் தகரக் கூரையின் கீழ் சக்கர நாற்காலி நின்றது. இரவுக் காவல் முடிந்து வந்து, குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, வெயிலில் உட்கார வைப்பது தினமும் பக்கத்து வீட்டு முனியன்தான்.

அதிகாரியிடம் என் தவறைச் சொன்னேன். அவர் ‘சகோதரர்’ என்பதை மட்டும் அடித்து ‘அண்டை வீட்டார்’ என்று எழுதினார், பெயரைத் தொடவில்லை. அன்று வேலைக்குப் போகாமல் காத்திருந்த பார்வதி அக்கா என்னைப் பார்த்தார்: “ஆறு மணிக்கு நான் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிடுறேன். இவரப் பாத்துக்கிறது யாருன்னுதானே கேட்ட, பாப்பா?”

உதவி கிடைத்த பிறகு அகராதியில் சரிபார்த்தேன்: மலாயில் ‘ஜாகா’ என்றால் காவல் காப்பது, பார்த்துக்கொள்வது இரண்டும்தான், படித்த எனக்குத்தான் அவை வேறு வேறாக இருந்தன.