தேர்த் திருவிழாவில் விழுந்தவனும் றெஜினாவும்

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், என் மரக்கறிக் கடையில் வெண்டிக்காய்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது புறநகரான சார்செலிலிருந்து அன்ரன் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, றெஜினா எங்களை விட்டிட்டுப் போயிட்டா" என்றார். அவருடைய மனைவி றெஜினா ஆறு மாதமாகப் புற்றுநோயோடு கிடந்தவர். மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலைசெய்த மன்னார்ப் பெண். லா சப்பலுக்குச் சாமான் வாங்க வரும்போது அவரை மறித்து இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டாதவர்கள் இங்குள்ள தமிழர்களே, உங்களில் எத்தனை பேர்?

என் கதையைச் சொல்கிறேன். ஒரு தேர்த் திருவிழா. தெருவெல்லாம் உடைத்த தேங்காய், அதைச் சுற்றிப் பூச்சிகள். என் கழுத்தில் ஏதோ கொட்டியது. மூச்சடைத்து விழுந்தேன். ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். ஆனால் கொட்டியதை மருத்துவரிடம் நான் சொல்லவேயில்லை. திருவிழா விரதத்துக்குள் இரண்டு ஆட்டிறைச்சி ரோல்ஸ் தின்றிருந்தேன். சாமி குற்றம் என்று நானே முடிவுகட்டி வாயை மூடிக்கொண்டேன்.

கடைக்கு வந்த றெஜினா கேள்விமேல் கேள்வி கேட்டு உண்மையைக் கறந்துவிட்டார். "சாமிக்கு வேறை வேலை இல்லையோ அண்ணை? உங்கட ரோல்ஸையோ பாத்துக்கொண்டிருக்கிறார்?" பிறகு சிரிப்பை விட்டு, "இன்னொருக்காக் கொட்டினால் செத்துப்போவியள். நாளைக்கே ஒவ்வாமை டொக்டரிட்டைப் போக றொந்தெவு எடுத்துத் தாறன்" என்றார். எடுத்தும் தந்தார்.

முதல் பரிசோதனையில் தேனீ, குளவி இரண்டுமே ஒவ்வாது என்று வந்தது. றெஜினா அதை நம்பவில்லை. "ரெண்டு விஷத்திலயும் ஒரே மாதிரிச் சர்க்கரை ஒட்டியிருக்கும், அதுதான் குழப்புது. பிழையான விஷத்துக்கு ஊசி போட்டு என்ன பிரயோசனம்?" அந்தச் சர்க்கரை இல்லாமல், ஒவ்வொன்றாக ஆய்வுகூடத்தில் செய்தெடுத்த புரதங்களோடு என் இரத்தத்தை மறுபடி சோதிக்கச் சொல்லி மருத்துவரை விடாமல் பிடித்தார். குளவி மட்டும்தான் என்று தெரிந்தது.

உடம்பு பழகட்டும் என்று ஐந்து வருடம் குளவி விஷத்தையே கொஞ்சம் கொஞ்சமாக ஊசியில் ஏற்றினார்கள். ஊசி நாளில் றெஜினா வேலைக்கு நடுவே ஓடிவந்து எட்டிப்பார்த்து, "இன்னும் சாகேல்லையோ?" என்பார். அந்தக் கேலிக்காகவே தவறாமல் போனேன். நாலாம் வருடம் மறுபடியும் ஒரு குளவி கொட்டியது. கை வீங்கியது, அவ்வளவுதான். கடையின் பின்னறையில் உட்கார்ந்து அழுதேன்.

செத்தவீட்டில் அன்ரன் என்னைத் தனியே அழைத்தார். "லூர்து மாதா கோயிலுக்குப் போறதெண்டு நேர்த்தி வைச்சனாங்கள் அண்ணை. வேலை வேலையெண்டு நான்தான் கூட்டிக்கொண்டு போகேல்லை. அதாலையோ?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இல்லைத் தம்பி. அது உடம்புக்கு வந்த வருத்தம். உங்கட குற்றமில்லை."

எதற்கெடுத்தாலும் குற்றம் தேடி வளர்ந்தவன் நான். குற்றமில்லை என்ற வார்த்தையைத் தயங்காமல் சொல்ல முடிந்ததே, அதுதான் றெஜினா எனக்கு விட்டுப்போனது.