ரோசாம்மாளின் பின்சக்கரம்

முதலியார்பேட்டைக்கும் அதற்குத் தெற்கே இருந்த குடியிருப்புகளுக்கும் ரோசாம்மாள் பிரெஞ்சு சர்க்கார் மருத்துவச்சியாக நியமிக்கப்பட்டது 1933-இல். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. அப்பா வழியில் எல்லோருமே கனத்த உடம்புக்காரர்கள், அவளும் அப்படித்தான். அதைப் பற்றி அவளுக்கு வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. பிரசவம் பார்க்கிறவளுக்குக் கை வலுவாக இருப்பது நல்லது என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

முதல் சில மாதங்கள் புஸ்புஸ் வண்டியில் போய்ப் பார்த்தாள். உட்காரவைத்துப் பின்னாலிருந்து ஆள் தள்ளுகிற வண்டி அது. ஆனால் தள்ளுகிறவர்கள் அவள் தெருமுனையில் வருவதைக் கண்டதுமே, சக்கரத்துக்கு எண்ணெய் விட வேண்டும் என்று கிளம்பிப் போய்விடுவார்கள். ஆகையால் தன் நாட்டுக்கே திரும்பிப் போன ஒரு பிரெஞ்சுக்காரியிடமிருந்து பெண்கள் ஓட்டும் சைக்கிள் ஒன்றை வாங்கினாள். ரோசாம்மாளின் கணவர் யூஜின் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஒல்லியான மனிதர். எட்டு நாள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். ஒன்பதாவது நாள் அவள் தானாகவே ஓட்டினாள். அவர் காய்ச்சலில் படுத்திருந்தார்.

சைக்கிள் பார்க்க அழகாக இருந்தது. மெல்லிய ரிம், மெல்லிய டயர், ஊசி போன்ற கம்பிகள். அவள் தானாக ஓட்டத் தொடங்கிய மூன்றாம் நாள் பின்சக்கரத்தில் ஒரு கம்பி 'டிங்' என்று உடைந்தது.

முல்லா வீதியில் ஷஹாபுதீன் சைக்கிள் கடை வைத்திருந்தார். கம்பியை மாற்றிக் கொடுத்து, "ரோட்டுல கல்லு அதிகம், மதாம்" என்றார். அடுத்த கம்பி உடைந்தபோது மழை ஈரம் என்றார். அதற்கடுத்தது, கப்பலில் வரும்போதே உப்புக்காற்று பட்டிருக்கும் என்றார். மழை நின்று, காற்றும் திசை மாறிய பிறகும் கம்பிகள் உடைந்துகொண்டுதான் இருந்தன.

ஒருநாள் ரோசாம்மாள் கடையில் நின்று சொன்னாள்: "இதுவரைக்கும் பதினொரு கம்பி போயிருக்குது. பதினொண்ணும் பின்சக்கரம். அதுல பத்து செயின் பக்கம். எல்லாமே நடுவுல ஹப் கிட்ட, வளைவுலதான் உடையுது. ரோட்டுல கிடக்கிற கல்லுக்கு செயின் எந்தப் பக்கம்னு தெரியுமா?"

"நான் அந்த மாதிரி கவனிக்கலைங்களே, மதாம்" என்றார் ஷஹாபுதீன்.

அவர் கவனித்திருந்தார். மூன்றாவது கம்பியிலேயே கவனித்துவிட்டார். ஆனால் ஒரு பெண்பிள்ளையிடம், அதுவும் தன் மனைவி கரீமாவுக்கு இரண்டு பிரசவம் பார்த்த மதாமிடம், எடையைப் பற்றிப் பேசுவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. பன்னிரண்டாவது கம்பியையும் மாற்றிக் கொடுத்தார்.

அடுத்த ஆடி மாதம் ஒரு காலை, பத்து மணிக்கு, மில் தொழிலாளி ஒருவரின் மனைவி செல்வாம்பாளுக்கு வலி எடுத்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னார். ரோசாம்மாள் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். வாய்க்கால் பாலத்திலிருந்து இறங்கும் இடத்தில் ஒரு பள்ளம். பின்சக்கரம் அதில் இறங்கியது. ஏறும்போது அது சக்கரமாக இல்லை. பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. ரோசாம்மாள் விழவில்லை, நின்றுகொண்டிருந்தாள். சைக்கிளைப் பாலத்துச் சுவரில் சாய்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அவள் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து பக்கத்து வீட்டு ஆயம்மாவின் மடியில் அழுதுகொண்டிருந்தது. நஞ்சுக்கொடியும் விழுந்திருந்தது. ஆனால் உதிரம் நிற்கவில்லை. கீழே விரித்திருந்த புடவை முழுக்க நனைந்துபோயிருந்தது. ரோசாம்மாள் செல்வாம்பாளின் அடிவயிற்றில் கையை வைத்து அழுத்திப் பிசைந்தாள். நிற்கும்வரை எடுக்கவில்லை. கை மரத்துப்போன பிறகும் எடுக்கவில்லை. கடைசியில் கர்ப்பப்பை இறுகி, உதிரம் நின்றது.

செல்வாம்பாள் கண் திறந்து பேச வந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "உங்க வண்டி மணி கேக்குதா கேக்குதான்னே காதை வெச்சிக்கினு இருந்தேங்க."

ரோசாம்மாள் கையைக் கழுவினாள். திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான் அவளுக்குள் கிடந்து குடைந்தது.

மறுநாள் நெளிந்த சக்கரத்தை ஷஹாபுதீன் முன்னால் வைத்தாள். "எனக்குத் தாங்குற சக்கரம் வேணும். கல்லு, மழை, காத்து எல்லாம் போதும். உங்களுக்கு என்ன தெரியணுமோ கேளுங்க."

ஷஹாபுதீன் தொப்பியைச் சரிசெய்தார். பக்கத்துக் கடையில் தகரம் அடிக்கும் பக்கிரியைப் பார்த்தார். பிறகு, "ஏத்துற பாரம் எவ்வளவுன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்ங்க. பையோட பாரத்தைச் சொல்றேன்" என்றார்.

"புரியுது" என்றாள் ரோசாம்மாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கிடைத்தது குழந்தைகளை நிறுக்கும் தராசு மட்டும். ஆகையால் நேரே பெரிய மார்க்கெட்டுக்குப் போனாள். அங்கே கன்னியப்பனின் வெங்காய மண்டியில் உத்தரத்திலிருந்து தொங்கும் பெரிய தராசு உண்டு.

"சின்ன வெங்காயமாம்மா, பெரிசா?" என்றார் கன்னியப்பன்.

"தராசு."

"எதை நிறுக்கணும்?"

"என்னை."

கன்னியப்பன் சற்று யோசித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தட்டிலிருந்த வெங்காயத் தோலைத் துடைத்தார். பிறகு தொழில் தெரிந்தவராக ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பை நீக்கியா, பையோடவா?"

"ரெண்டும்."

மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, அவர்களில் பாதிப்பேரின் பிள்ளைகள் அவள் கையில் பிறந்தவை. எதிர்த்தட்டில் ஐம்பது கிலோ குண்டுகள் இரண்டும் ஒரு கிலோ படிக்கல் ஒன்றும் ஏறின. பையோடு இன்னும் ஒன்பது. கன்னியப்பன் சீட்டு எழுதினார்: 'ரோசாம்மாள், உருப்படி ஒன்று, 101. பையுடன் 110 கிலோ.'

ஷஹாபுதீன் அந்தச் சீட்டை டாக்டர் எழுதிய சீட்டைப் போல இரண்டு முறை படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் முகத்திலிருந்து ஒரு வருஷத்துப் பாரம் இறங்கியது. "இப்பதான் மதாம் வேலை செய்ய முடியும். மூணாவது கம்பியிலயே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்றதுதானே?"

"எப்படிங்க சொல்றது?"

கடைத்தெருவில் புதிதாக வந்திருந்த பளபளக்கும் சக்கரம் ஒன்றை ரோசாம்மாள் பார்த்துவைத்திருந்தாள். அதைச் சொன்னாள். ஷஹாபுதீன் வேண்டாம் என்று தலையாட்டினார். "பளபளப்பு துருவுக்கு நல்லது. பாரத்துக்கு ஒண்ணும் செய்யாது. ரொட்டிக் கடைக்காரங்க வண்டியில போட்டிருக்கிற மாதிரி பண்ணலாம்ங்க."

"ரொட்டி இன்னா எடை இருக்கும்?"

"ரொட்டி இல்லைங்க. அதே வண்டியிலதான் மாவு மூட்டையும் ஏத்துறாங்க."

இது அவளுக்குச் சரியாகப் பட்டது. கெட்டியான இரும்பு ரிம். பழையதில் முப்பத்திரண்டு கம்பி. இதில் நாற்பது, ஒவ்வொன்றும் தடிமனாக. "பாரம் ஒரே கம்பி மேல விழாது, நாலு பேரு பங்கு போட்டுக்குவாங்க" என்றார் ஷஹாபுதீன். பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ள அகலமான டயர். அந்த டயர் மட்கார்டில் உரசியது. மட்கார்டைக் கழற்றி உயர்த்தி மாட்டினார். முழுச் சக்கரத்துக்கும் நான்கு நாள் பிடித்தது. ஐந்தாம் நாள் அவள் வந்தபோது, கேரியரில் இரண்டு அரிசி மூட்டையைக் கட்டி, பக்கிரியையும் ஏற்றிச் சோதிக்கப் போவதாகச் சொன்னார்.

"மூட்டை சும்மா கிடக்கும். நான் மிதிப்பேன், எழும்புவேன், உக்காருவேன். நானே பாத்துக்கறேன்" என்றாள் ரோசாம்மாள்.

ஏறுவதற்கு முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். கோணல் இல்லாமல் நேராக ஓடியது. பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டினாள். பக்கிரி தகரம் அடிக்கும் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பையைத் திறந்து, வயிற்றுக்குள் குழந்தையின் நெஞ்சுத்துடிப்பைக் கேட்கும் மரக்குழலை எடுத்தாள். தரையில் உட்கார்ந்து, குழலை ரிம்மில் வைத்துக் காதைக் கொடுத்துக்கொண்டு மறுபடியும் சுண்டினாள்.

பக்கிரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து, "சக்கரத்துக்கு எத்தனாவது மாசங்க?" என்றான்.

"பேசாதே. கேக்கல" என்றாள் அவள்.

பதினேழாவது கம்பியில் கை நின்றது. "இது மத்தது மாதிரி இல்ல. செத்த சத்தமா வருது."

"சக்கரம் நேராதானே ஓடுது, மதாம்" என்றார் ஷஹாபுதீன், கொஞ்சம் சுருக்கென்று. கம்பியை விரலால் அழுத்திப் பார்த்தார். தளர்ந்துதான் இருந்தது. அதன் பங்கைப் பக்கத்துக் கம்பிகள் இழுத்துக்கொண்டிருந்தன. அப்படி இழுப்பவைதான் முதலில் உடையும். இருபது வருஷம் தகரக் கடைக்குப் பக்கத்தில் இருந்ததில் அவர் காது அவ்வளவு நன்றாக இல்லை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. சாவியை எடுத்து முடுக்கினார். பிறகு மெதுவாக, "மீதியையும் கேட்டுச் சொல்லுங்க" என்றார். இன்னும் இரண்டு அகப்பட்டன.

பத்து நாள் ஓட்டியதும் கம்பிகள் ரிம்மில் பதிந்து தளரும், கட்டாயம் வர வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். போனாள். ஆறு கம்பிகளை முடுக்கினார். அதற்குப் பிறகு அந்த வருஷம் ஒரு கம்பிகூட உடையவில்லை. அடுத்த வருஷமும் உடையவில்லை.

விஷயம் பரவியது. பத்திரம் எழுதும் நோட்டேர் அலுவலகத்துக் குமாஸ்தா வந்தார், ஒரு சமையற்காரர் வந்தார், மீன் ஏலக்காரர் ஒருவர் வந்தார். எல்லோரும் கனத்த மனிதர்கள். எல்லோரும் 'ரோசாம்மா சக்கரம்' கேட்டார்கள். ஷஹாபுதீன் அவர்களை முதலில் மார்க்கெட்டுக்கு அனுப்பினார். கன்னியப்பன் தடுக்கவில்லை, பையைப் பற்றிய கேள்வியை மட்டும் மாற்றாமல் எல்லோரிடமும் கேட்டார். மண்டிக்குப் போக வெட்கப்பட்டு வாயால் எடை சொன்ன ஆண்களும் உண்டு. அவர்கள் சொன்னதோடு ஷஹாபுதீன் தானாகவே பதினைந்து கிலோ கூட்டிக்கொண்டார். ஒரு தடவையும் அதிகமாகப் போனதில்லை.

1938-இல் ஒருநாள் உடைந்தது சைக்கிளின் பிரேம். சீட்டுக்குக் கீழே இரண்டாகப் பிளந்துவிட்டது. ஷஹாபுதீன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "பிரேம் நான் பண்ணது இல்லைங்க" என்றார்.

"யாரு உங்களைக் கேட்டாங்க?" என்றாள் ரோசாம்மாள். "சக்கரத்தைக் கழட்டி வேற வண்டிக்கு மாட்டுங்க. நாலு மணிக்கு ஒரு இடத்துக்குப் போகணும்."

மூன்றரைக்கே வண்டி தயாராகிவிட்டது. அன்று பிறந்தது பெண் குழந்தை. கால் முதலில் வந்ததால் கொஞ்சம் நேரம் பிடித்தது.