அப்பாவின் லுங்கியில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர்

நாலாம் வகுப்பில் நான் தாடி வைத்த ஒரு ஸ்காட்லாந்துக்காரராக ஒன்றரை மணி நேரம் அசையாமல் நின்றேன். அதற்கு யார் பொறுப்பு என்று எப்போது கேட்டாலும் அம்மாவைத்தான் கைகாட்டுவேன். அந்தக் கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

அமெரிக்காவில் டப்ளின் என்கிற ஊரில் நான் படித்த பள்ளியில் வருடா வருடம் மெழுகுப் பொம்மைக் காட்சி என்று ஒன்று நடக்கும். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு பிரபலமானவரின் வேஷம் கட்டிக்கொண்டு ஜிம்மில் பொம்மையாக நிற்க வேண்டும். காலடியில் சிவப்புக் காகிதத்தில் வட்டமாக வெட்டி ஒட்டிய பொத்தான் ஒன்று இருக்கும். பார்க்க வந்தவர்கள் அதை மிதித்தால் பொம்மைக்கு உயிர் வந்து, நான் இன்னார், இன்ன ஊரில் பிறந்தேன் என்று தன் கதையைச் சொல்லும். முடித்ததும் மறுபடி பொம்மைதான். வகுப்பில் என்னைத் தவிர மூன்று தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டு பேர் விஞ்ஞானி, ஒருவன் பெரிய கம்பெனியின் தலைவர். நான் விண்வெளிக்குப் போன பெண்ணாக நிற்பதாக இருந்தேன். வெள்ளை ஜாக்கெட் கூடத் தயார்.

ஆனால் படிவத்தை நிரப்பியது அம்மா. பள்ளிக் காகிதமெல்லாம் அப்பாவின் இலாகா. அம்மா அதுவரை எதிலும் தலையிட்டதில்லை. அந்த ஒரு தடவை தலையிட்டாள். விண்வெளிப் பெண்ணை ஏற்கெனவே வேறொருத்தி எடுத்துக்கொண்டாளாம். அதற்காக ஒரு ராக் பாடகரா?

அப்பாவும் கேட்டுப் பார்த்தார். "ஏம்மா, சயின்டிஸ்ட் யாருமே கிடைக்கலையா?"

"இவரும் கஷ்டப்பட்டு மேல வந்தவர்தான்" என்று அம்மா பேச்சை முடித்தாள்.

அந்தப் பாடகரின் பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, என் வகுப்பில் ஒரு குழந்தைக்கும் தெரியாது, அதுதான் என் முதல் புகார். அம்மா சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஹாஸ்டலில் அறைத்தோழி விட்டுப் போன ஒரு கேசட்டில் அவர் பாடிக்கொண்டிருந்தாராம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அவருடைய இசைக்குழுவின், அந்த பேண்டின் வரலாறு அம்மாவுக்கு எங்கள் குடும்ப வரலாற்றைவிட நன்றாகத் தெரியும்.

இரண்டாவது புகார் கில்ட். ஸ்காட்லாந்தில் ஆண்கள் கட்டுகிற கட்டம் போட்ட பாவாடை. ஒருநாள் கூத்துக்கு எதற்கு வாங்குவது என்று அப்பாவின் பச்சைக் கட்டம் போட்ட லுங்கியை எடுத்து, மடிப்பு மடிப்பாகக் கையாலேயே தைத்தாள். இத்தனைக்கும் அந்த மனிதர் மேடையில் ஒருநாளும் கில்ட் கட்டியதில்லையாம், ஜீன்ஸ்தானாம். பின்னே எதற்கு என்று கேட்டால், பார்த்ததும் ஸ்காட்லாந்து என்று தெரிய வேண்டாமா என்றாள். தாடிக்குக் கண்மை.

சொல்ல வேண்டியதை அம்மாவே ஏழு அட்டைகளில் எழுதிக் கொடுத்தாள். கப்பல் கட்டும் துறையில் வேலை பார்த்த அப்பாவுக்குப் பிறந்தேன். பால் வண்டி ஓட்டினேன். நாலு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு கராஜில் பாடத் தொடங்கினேன், பேண்டுக்குப் பெயர் வைத்ததே நான்தான். முதலில் மதுக்கடைகள், அப்புறம் அரங்குகள், அப்புறம் அமெரிக்கா. ஆறாவது அட்டையில் தொண்டையில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. ஏழாவது அட்டை இப்படி இருந்தது: நாலே மாதத்தில் என் இடத்தில் வேறொருவரைப் பாட வைத்துவிட்டார்கள். தொண்டை சரியாகித் திரும்பி வந்தபோது பேண்ட் இருந்தது, என் பெயர் இல்லை. இப்போது சின்ன அரங்குகளில் தனியாகப் பாடுகிறேன்.

நான் ஏழையும் தலைகீழாகச் சொல்லுகிற அளவுக்கு மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம், அம்மா லுங்கியை என் இடுப்பில் சுற்றி மடிப்பு வைத்துக்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து போன் வந்தது. அங்கே காலை. அம்மாவின் பழைய ஆபீஸ். அப்பாவுக்கு இங்கே மாற்றலானபோது அவள் இரண்டு வருடம் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். இங்கே அவளுடைய விசாவில் வேலை பார்க்க முடியாது. அங்கே அவளுக்குக் கீழே பதினொரு பேர் இருந்தார்கள் என்பது எனக்கு நூறு தடவை கேட்ட பழங்கதை.

அம்மா வீட்டுக்குப் பின்னால் இருந்த திறந்த முற்றத்துக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவு சரியாக மூடவில்லை.

"பரவால்ல சார். புரியுது. ப்ராஜெக்ட் நிக்கக் கூடாதுல்ல. என் எடத்துக்கு வர்றவருக்கு என் விஷ்ஷஸ் சொல்லிடுங்க."

இடுப்பில் ஊசி குத்திக்கொண்டு நான் உள்ளே நிற்கிறேன். எனக்கு வந்த ஆத்திரமெல்லாம் அந்த ஊசியைப் பற்றித்தான்.

அன்று ராத்திரியே ஏழாவது அட்டை மாறியது. மற்ற ஆறும் நீல மையில் இருக்க, அது மட்டும் கறுப்பில் இருந்தது. நண்பர்கள் எனக்காக இரண்டு வருடம் காத்திருந்தார்கள். யாரையும் என் இடத்தில் நிறுத்தவில்லை. நான் திரும்பி வந்தபோது என் மைக் வைத்த இடத்திலேயே இருந்தது.

மனப்பாடம் செய்து முடித்ததை மாற்றலாமா? கத்தினேன்.

"முன்னாடி தப்பா எழுதிட்டேன்டி. இதையே சொல்லு" என்றாள்.

சொன்னேன். காட்சியன்று நாலைந்து பேருக்கு ஒழுங்காகச் சொன்னேன். அதற்கப்புறம் என் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா வந்து பொத்தானை மிதித்தார். அவர் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவில் பிறந்தவர் என்று எனக்கு யார் சொன்னார்கள்? லுங்கியைப் பார்த்துச் சிரித்தார். பால் வண்டிக்குத் தலையாட்டினார். ஏழாவது அட்டை வந்ததும் சிரிப்பு நின்றது. குனிந்து, மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்: யாரும் காத்திருக்கவில்லை கண்ணு, நாலு மாதத்தில் ஆளை மாற்றிவிட்டார்கள், யார் உனக்கு இப்படிச் சொன்னது?

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பக்கத்தில் நின்ற விஞ்ஞானிகள் இருவரும் பொம்மை என்பதையும் மறந்து சிரித்தார்கள். சரியான பதில் என் தொண்டையில் தயாராக இருக்கிறது, ஆனால் பொம்மைக்கு வாயில்லை. அடுத்த ஆள் பொத்தானை மிதிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றேன்.

மிதித்தார்கள். யார் என்று கூடப் பார்க்கவில்லை. முதல் ஆறு அட்டையையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, ஏழாவதை, பழைய ஏழாவதை, ஹாலுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். நாலே மாதத்தில் என் இடத்தில் வேறொருவரைப் பாட வைத்துவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது பேண்ட் இருந்தது, என் பெயர் இல்லை.

கிளாஸ்கோக்காரர் கைதட்டினார். அப்போதுதான் கண்ணைத் தாழ்த்தினேன். சிவப்பு வட்டத்தின் மேல் இருந்தது அம்மாவின் செருப்பு. போனை உயர்த்தி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவள், நான் முடித்த பிறகும் கையை இறக்கவில்லை.

காரில் ஏறியதும் விசாரணையை ஆரம்பித்தேன். "நீ தெரிஞ்சேதான் பொய் எழுதினியா?"

"ஆமா" என்றாள் அம்மா.

ஏன் என்று கேட்டதற்கு, பெல்ட்டைப் போடு என்றாள். அது என்னை இன்னும் கிளப்பிவிட்டது. வந்து ஒன்றரை வருடத்திலேயே எனக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம்தான். அவரால் பாட முடியவில்லை, அவர்கள் வேறு ஆளைப் போட்டார்கள், இதில் என்ன அநியாயம், ஒருத்தருக்காக யாராவது இரண்டு வருடம் வேலையை நிறுத்தி வைப்பார்களா என்று பொரிந்து தள்ளினேன்.

சிக்னல் பச்சையானது. அம்மா நகரவில்லை. யாரும் ஹாரன் அடிக்காத ஊரில், பின்னால் நின்றவர் அடித்தார்.

"கரெக்ட்தான்" என்றாள் அம்மா, வண்டியை எடுத்துக்கொண்டே.

பல வருடம் கழித்து, என் கல்லூரி விண்ணப்பத்துக்காக வீட்டுக் கோப்புகளைக் குடைந்தபோது, அம்மாவை வேலையிலிருந்து விடுவித்த சென்னை ஆபீஸின் கடிதம் கையில் சிக்கியது. தேதி, எங்கள் பொம்மைக் காட்சி நடந்த அதே வாரம். அதை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தேன். இப்போது கோபம் வந்தால் அது என் மேல்தான் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்குத் தெரியாது. அம்மாவே கரெக்ட் என்று சொல்லிவிட்டாள். வழக்கில் ஜெயித்த திருப்தியோடு தாடியை லுங்கியில் அழுத்தித் துடைத்துவிட்டு, எனக்குப் பசிக்கிறது என்றேன்.