செல்வராசா மாமாவுக்கு வந்த மரண அறிவித்தல்

போன செவ்வாய்க்கிழமை காலை. மகளுக்குப் புட்டும் வாழைப்பழமும் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் மாமியின் — என் கணவரின் அம்மாவின் — போன் 'டிங்' என்றது. அடுத்த நொடி ஒரு சத்தம்... அழுகையா, யாரையாவது கூப்பிட்டாரா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

"ஐயோ அண்ணை! என்ரை அண்ணை!"

ஓடிப்போய்ப் பார்த்தால், மாமி விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கிணற்றுக்கட்டில் இருக்கிறார். போனை வாங்கினேன். எங்கள் குடும்ப குரூப்பில் ஒரு செய்தி.

"துயர் பகிர்வு. அரியாலை, செல்வராசா அவர்கள் காலமானார்."

அரியாலையில் இருக்கும் செல்வராசா மாமா, மாமியின் ஒரே அண்ணன். அதற்கு முந்தைய ஞாயிறுதான் உடுப்பிட்டிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, கூழ் குடித்து, உறைப்புக் காணாது என்று என்னைப் பகிடி பண்ணிவிட்டுப் போனார்.

மாமியின் முகத்தைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். துக்கத்தில் மட்டும் என்று சொன்னால் பொய். அந்தச் செய்தியை அனுப்பியதே நான்தான். நான் என்றால்... நான் எழுதிய புரோகிராம்.

கொஞ்சம் விளக்க வேண்டும்.

வீட்டிலிருந்தபடி ஒரு சின்னக் கம்பனிக்கு சொஃப்ட்வெயார் எழுதுகிறவள் நான் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். மாமிக்கோ ஒரு நாளின் முதல் வேலை மரண அறிவித்தல் கேட்பது. முன்பெல்லாம் வானொலியில். அந்த நேரம் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. இப்போது எல்லாம் இணையத்தில் வருகிறது. மாமிக்கோ அந்தச் சின்ன எழுத்துகள் தெரியாது. ஆகவே வாசித்துச் சொல்வது மருமகளின் கடமை. ஊரில் ஒரு செத்தவீட்டைத் தவறவிட்டுவிட்டு, பிறகு கோயிலடியில் அந்த வீட்டாரைக் கண்டு தலைகுனிவது எப்படியிருக்கும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்?

ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் வேலை, நடுவில் மரண அறிவித்தல்கள். யோசித்தேன். இதைக் கணினியே செய்தால் என்ன? தினமும் காலையில் 'உடுப்பிட்டி, மரண அறிவித்தல்' என்று தானாக இணையத்தில் தேடி, வருகிற பதிலிலிருந்து பெயரை எடுத்து, மாமியின் போனில் பெரிய எழுத்தில் தெரிகிற ஒரே வரியாகக் குரூப்பில் போட ஒரு சின்னக் கோட் எழுதினேன். மாமிக்கு ஒரே சந்தோசம். நானும் நல்ல மருமகள் ஆகிவிட்டேன் — உட்கார்ந்த இடத்திலிருந்தே!

செவ்வாய்க்கிழமை அந்த நல்ல மருமகள்தான் போனும் கையுமாக நின்றாள்.

மாமாவின் போனுக்கு அடித்தோம். மணி போகிறது, எடுக்கவில்லை. திரும்பவும். எடுக்கவில்லை. மாமி தன் போனில் அடிக்க, நான் என் போனில் அடிக்க... ஒன்றுக்கும் பதில் இல்லை.

குரூப்போ பற்றி எரிகிறது. லண்டனிலிருந்து கைகூப்பும் படங்கள். கனடாவில் ஒரு மச்சாள், "டிக்கெட் பாக்கிறன், பிரேதம் எடுக்கிறதைப் பிந்தி வையுங்கோ" என்கிறார். இன்னொருவர் மாமாவின் படத்துக்கு மாலை போட்டு, பக்கத்தில் குத்துவிளக்கும் எரியவிட்டு அனுப்பியே விட்டார். மனுசன் இறந்தாரா இல்லையா என்று ஒருவராவது கேட்டாரா? கேட்கவில்லை. கணினி சொல்லிவிட்டதே!

"பிள்ளை, உது உண்மையோ?" என்றார் மாமி. "நேற்று விளக்கு வைக்கேக்கைகூடக் கதைச்சவரடி."

"பொறுங்கோ மாமி, பாத்துச் சொல்லுறன்."

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே லப்டொப்பைத் திறந்தேன். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து என் கோட் சரியாக வேலை செய்ய வேண்டும் என்றுதான் கும்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு முதல்முறையாக, பிழையாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டேன்.

இணையத்தில் தேடினால் நமக்கு ஒரு பக்கம் தெரிகிறது. புரோகிராமுக்கு அப்படி வராது. மகளை வெளியே கூட்டிப்போகும்போது நான் கட்டுகிற பை மாதிரி வரும். பெரிய பைக்குள் சின்னப் பை, அதற்குள் ஒரு டப்பா, டப்பாவுக்குள் மகள் பால் குடிக்கும் சூப்பி. எனக்குச் சூப்பி வேண்டுமென்றால், எந்தப் பை, அதற்குள் எந்தப் பை, எந்த டப்பா என்று ஒவ்வொரு படியாகச் சொல்ல வேண்டும். ஒரு படி தவறினால் சூப்பிக்குப் பதிலாக மருந்துப் போத்தல் கையில் வரும். இரண்டும் ஒரே பைக்குள்தான் இருந்தன... அதனால் என்ன பயன்?

தேடலின் பதிலில், ஒவ்வொரு முடிவுக்கும் மேலே ஒரு தலைப்பு இருந்தது. அது பாதியில் அறுந்து புள்ளி புள்ளியாக முடிந்ததால் நான் அதை நம்பவில்லை. உள்ளே போனேன். அங்கே அந்த அறிவித்தலில் உள்ள ஆட்களின் பெயர்கள் வரிசையாக, அழகாக இருந்தன. முதலாவது பெயர் இறந்தவருடையதாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன்.

பரிசோதித்துப் பார்த்த அன்றைக்கே ஒரு சிக்கல். என்றோ இறந்துபோன தகப்பன்மாரையெல்லாம் அது புதிதாக இறந்ததாகச் சொன்னது. நம் அறிவித்தல்கள் எப்படி இருக்கும்? 'காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகளும், காலஞ்சென்ற இன்னாரின் பாசமிகு மனைவியும்...' என்றுதானே? ஆகவே இன்னொரு வரி எழுதினேன் — 'காலஞ்சென்ற' என்று முன்னால் வந்தால் அந்தப் பெயரை விட்டுவிடு, அடுத்ததை எடு.

கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த வரிசையில் இருந்தது உறவினர்கள் மட்டும்தான், இறந்தவரின் பெயர் தலைப்பில் மட்டும்தான் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. நான் எழுதிவைத்தது என்னவென்று இப்போது வாசித்துப் பாருங்கள். இறந்தவர்களையெல்லாம் தாண்டிப் போய், உயிரோடு இருக்கிற முதல் ஆளைத் தேடிப் பிடித்து, அவர் செத்துவிட்டார் என்று ஊருக்குச் சொல்!

இத்தனை நாளாக எத்தனை பேரை இப்படி... என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். பிறகுதான் நினைவு வந்தது. அதற்கு முதல் வந்தவை எல்லாம் எங்களுக்குத் தெரியாத ஆட்கள். பெயரைப் பார்த்து, "ஆரோ, எங்களுக்கில்லை" என்று மாமி விட்டுவிடுவார்.

அன்றைய பதிலைத் திறந்து மேல் படிக்கு வந்தேன். தலைப்பு: 'மரண அறிவித்தல் - திருமதி கமலாதேவி...'

"மாமி! மாமா இல்லை! மாமாக்கு ஒண்டும் இல்லை! என்ரை பிழை!"

மாமி கிணற்றுக்கட்டில் இருந்தபடியே தலையில் கை வைத்தார். பிறகு சிரித்தார். பிறகு அழுதார். "உன்ரை கொம்பியூட்டரைக் கொண்டுபோய்க் கிணத்துக்கை போடடி" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் அப்பம்மாவும் சிரிப்பதைப் பார்த்து மகளும் கைதட்டினாள்.

குரூப்பில் அவசரமாக மன்னிப்புக் கேட்டு எழுதி அனுப்பினேன்.

"அப்ப, செத்தது ஆர்?"

"ஆரோ கமலாதேவியாம் மாமி."

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து எனக்கு நான்கு வருடம். கமலாதேவி என்ற பெயரை நான் கேட்டதே இல்லை. ஏனென்றால் அது எங்கள் வீட்டில் சொல்லப்படாத பெயர். பிறகுதான் அறிந்தேன், அவர் மாமியின் பெரியம்மாவின் மகள். இந்த வளவிலேயே ஒன்றாக வளர்ந்தவர். கலியாணம் கட்டி அரியாலைக்குப் போன பிறகும் இங்கே அவருக்கு ஒரு துண்டுக் காணி இருந்தது. வேலி அடைக்கும்போது கதியால்களை, அதாவது வேலிக்கு நடும் தடிகளை, ஒரு முழம் உள்ளே தள்ளி நட்டுவிட்டார்கள் என்று தொடங்கிய சண்டை. நட்டது யார், தள்ளியது யார்? அதற்கு இரண்டு கதை இருக்கிறதாம். அன்றிலிருந்து பேச்சில்லை. அந்தக் கதியால்கள் இன்று பூவரச மரங்களாக நிற்கின்றன. அவற்றின் நிழலில்தான் மகள் விளையாடுவாள்.

அந்த நேரம் பார்த்துச் செல்வராசா மாமாவிடமிருந்து போன். எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகப் போட்டு மாமியிடம் நீட்டினேன். பின்னால் பறைமேளம்.

"என்னடி சரசு, இத்தனை தரம் அடிச்சிருக்கிறாய்?"

"அண்ணை... கமலாக்காவோ?"

மாமா மேளச் சத்தத்திலிருந்து தள்ளிப் போய்ச் சொன்னார்.

"ஓம். முந்தநாள் படுத்தவள், எழும்பேல்லை. பிள்ளையளும் இல்லைத்தானே, கொள்ளி வைக்கிறது நான்தான். அதுதான் போனைப் பாக்கேல்லை."

"எனக்கேன் சொல்லேல்லை? நேற்றும் கதைச்சனீங்கள்தானே!"

"சொன்னாலும் நீ வரமாட்டாய். தெரிஞ்சும் வரேல்லை எண்டு சனம் கதைக்கும். சொல்லாட்டி, பாவம் அவளுக்குத் தெரியாது எண்டாவது சொல்லுவினம். அதுதான்."

மாமி போனை வைத்தார். திரும்பிப் பூவரசுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்வது? போங்கோ என்று சொல்லலாமா? மருமகள் சொல்லக்கூடிய விசயமா அது? சொல்லாமல் இருந்தால், பிறகு காலம் முழுக்க...

"பிள்ளை, அதிலை அண்ணையின்ரை பேர் எப்பிடிக் கிடக்கு? வாசி."

பதிலுக்குள் திரும்ப இறங்கினேன். இந்த முறை ஒவ்வொரு படியாக, மெதுவாக. காலஞ்சென்ற தகப்பன். காலஞ்சென்ற தாய். காலஞ்சென்ற கணவர். பிள்ளைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அதனால்தான் என் புரோகிராம் நேரே மாமாவிடம் போயிருக்கிறது. மாமாவின் பெயர் கிடைத்ததும் நின்றுவிட்டது. அடுத்த பெயரை அது பார்க்கவே இல்லை.

"செல்வராசா, சரஸ்வதி ஆகியோரின் பாசமிகு சகோதரியும் ஆவார்."

அத்துடன் பெயர்கள் முடிந்துவிட்டன. அந்த மனுசிக்கு உயிரோடிருக்கிற உறவென்று எழுத இரண்டு பேர்தான்.

"என்ரை பேருமோ? வடிவாப் பார்."

"ஓம் மாமி. சரஸ்வதி, உடுப்பிட்டி எண்டு கிடக்கு."

"பாசமிகு எண்டோ கிடக்கு?"

"ஓம்."

"அண்டைக்கு வேலியடியிலை நிண்டு அவ என்னைப் பேசின பேச்சு உனக்குத் தெரியாது." காலடியில் கிடந்த விளக்குமாற்றை எடுத்துச் சாத்தியபடி, "நானும் பேசினனான்தான்" என்றார். பிறகு எழும்பிச் சீலையை உதறினார். "எத்தினை மணிக்கு எடுக்கினமாம்?"

"ரெண்டு மணி மாமி. நானும் வரட்டோ?"

"குழந்தைப்பிள்ளையோட செத்தவீட்டுக்கோ? விசரே உனக்கு! நீ நில். கெதியா ஓட்டோவுக்குச் சொல்லு."

அன்று முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனது சரியா? அங்கே யாராவது முகத்திலடித்த மாதிரி ஏதாவது சொன்னால்? என் கோட் பிழைக்காமல் இருந்திருந்தால் பெயர் சரியாக வந்திருக்கும், மாமியும் குரூப்பில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் முற்றம் கூட்டியிருப்பாரோ? அண்ணன் செத்துப் பிழைத்த அந்த அரை மணி நேரம்தான் அவரை ஓட்டோவில் ஏற்றியதோ? இன்றும் தெரியவில்லை.

பொழுதுபட வந்தார். கிணற்றடியில் தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கண் வீங்கியிருந்தது. தேத்தண்ணி கொடுத்தேன்.

"அண்ணை மாலை போட்ட படத்தைப் பாத்திட்டார். லண்டன்காரன் ஒரு சொல்லும் எழுதேல்லை, கையைக் கூப்பினதோட சரி எண்டு சொல்லிச் சிரிக்கிறார்."

எனக்கு உயிர் வந்தது. ஆறுதலாக லப்டொப்பைத் திறந்து, பிழையான அந்த வரியை எடுத்துவிட்டு, மேல் படியிலிருந்து பெயரை எடுக்கும்படி மாற்றினேன். மாமி பின்னால் நின்று, தலை துவட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதுக்கை எல்லாம் இருக்கோ பிள்ளை? ஆர் ஆருக்கு என்ன முறை, எந்த ஊர், எல்லாம்?"

"எல்லாம் இருக்கு மாமி."

"ஆர் ஆரோட கோவம் எண்டு?"

"இல்லை மாமி. அதுக்கு இதிலை இடம் இல்லை."

"நல்லது. நீயும் அதுக்குப் புதுசா இடம் ஒண்டு செய்து வைக்காதை" என்றார்.