தொண்ணூறு டிகிரியில் ஒரு பகை

கோபப்படுவது எளிது. கொண்ட கோபத்தைப் பொங்கவும் விடாமல், ஆறவும் விடாமல், ஆண்டுக்கணக்கில் ஒரே சூட்டில் வைத்திருப்பதுதான் கடினம். அந்தத் திறமை அவளுக்குத் தொழிலோடு வந்தது. அரசின் எரிசக்தி ஆய்வு நிறுவனத்தில், தொண்ணூறு டிகிரிச் சூட்டில் ஓர் அறை நிறைய அனல்பெட்டிகளை அணையாமல் காத்தவள் அவள். நிறுவனத்தில் எல்லாரும் அவளை ‘அடுப்பம்மா’ என்றார்கள். முனைவர் பட்டம் பெற்ற பெண்ணை அடுப்போடு சேர்த்து அழைப்பதில் இருந்த குறும்பு அவளுக்குப் புரியாமலில்லை. இருந்தாலும் அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

அணு உலைகளின் கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எஃகு உருளைகளில் வார்த்து, நிலத்தின் ஆழத்தில் புதைப்பது என்று அரசு திட்டமிட்டிருந்தது. நிலத்தடியில் என்றைக்காவது ஒருநாள் தண்ணீர் வந்து சேரும். வந்தால் அந்தக் கண்ணாடி எவ்வளவு வேகத்தில் கரையும்? அதைக் கண்டறிவதே அவள் வேலை. கதிர்வீச்சு இல்லாத பொருள்களைக் கொண்டு அதே மாதிரிக் கண்ணாடியை உருக்கிப் பொடித்துத் தண்ணீரோடு எஃகுக் கலங்களில் அடைப்பாள். கலங்களைச் சூட்டில் வைத்துவிட்டுக் காத்திருப்பாள். அவ்வப்போது ஊசியால் சில சொட்டு நீரை எடுத்து, அதில் கண்ணாடியிலிருந்து எவ்வளவு போரான் இறங்கியிருக்கிறது என்று அளப்பாள். போரான் கூடினால் கண்ணாடி கரைகிறது என்று பொருள்.

சுங்கத்துறையில் வேலை பார்த்த அவள் கணவர், மனைவியின் வேலையை உறவினர்களுக்கு விளக்கத் தொடங்கிப் பாதியிலேயே சிரித்துவிடுவார். அவருடைய அக்கா அவர்களோடுதான் இருந்தாள். திருமணம் செய்துகொள்ளாதவள், நீதிமன்ற எழுத்தர், நாக்கில் கத்தி வைத்திருப்பவள். “கரைஞ்சா சம்பளமா, கரையாட்டி சம்பளமா?” என்று அவள் முதல்நாள் கேட்டாள். “பாத்துக்கிட்டே இருந்தா சம்பளம், அண்ணி” என்றாள் இவள். அன்றிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

முதல் ஆண்டு போரான் வேகமாக ஏறியது. பிறகு, பாலின் மேல் ஆடை படிவதுபோலக் கண்ணாடித் துகள்களின் மேல் ஒரு படலம் படிந்து, கரைதல் ஏறக்குறைய நின்றுபோனது. நிறுவனம் மகிழ்ந்தது. அமைச்சகம் அதைவிட மகிழ்ந்தது. ஆனால், ஆறாம் ஆண்டில் சில கலங்களில் போரான் மெல்ல மீண்டும் ஏறியது. அடுத்த முறை அளந்தபோதும் ஏறியிருந்தது. அந்தப் படலத்தைத் தின்றபடி வேறொரு கனிமம் உள்ளே வளர்கிறது என்று அவள் ஐயுற்றாள். ஐயம் உறுதிப்பட இன்னும் ஓர் ஆண்டாவது வேண்டும்.

இயக்குநரிடம் சொன்னாள். இளம் வயதிலேயே அந்த நாற்காலிக்கு வந்தவர் அவர். மேலிடத்தின் முகக்குறிப்பைப் படிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இரண்டே அளவுப் புள்ளிகளை வைத்துக்கொண்டு ஊரைக் கலக்க வேண்டாம் என்றும், அது கருவியின் பிழையாகத்தான் இருக்கும் என்றும் அவர் தேன் ஒழுகச் சொன்னார். அந்தச் சமயத்தில் தன் தாய் படுத்த படுக்கையானதால் அவள் விடுப்பில் சென்றாள். காரியங்கள் முடிந்து திரும்பியபோது, அனல்பெட்டிகள் இருந்த அறையில் நீளமான சோபா ஒன்று கிடந்தது. சுவரில் புது வண்ணம். மூலையில் காப்பி இயந்திரம். வெளிநாட்டுக் குழு ஒன்று பார்வையிட வருகிறதாம். அவர்களை உட்காரவைக்க இடமில்லையாம்.

அவளுடைய எஃகுக் கலங்கள் கழுவும் தொட்டியருகே துணி விரித்து வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஆறு ஆண்டு நீரும் சாக்கடைக்குப் போய்விட்டது. யாரோ பொறுப்பாகச் சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தார்கள். விருந்து முடிந்த வீட்டுப் பாத்திரங்களைப் போல அவை பளபளத்தன.

“கல்லு கரையுதான்னு பாக்கறதுக்கு ஒரு தனி ரூமாம்மா?” என்றார் இயக்குநர். “வந்ததே நல்ல முடிவு. அதோட நிறுத்திப்போம். உங்களுக்கும் ஓய்வு.”

அவள் அழவில்லை. ஒரு கலத்தை எடுத்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

ஆறு ஆண்டுச் சோதனையில் கரைதல் மீண்டும் தொடங்கவில்லை என்று அறிக்கை வெளிவந்தது. கடைசி இரண்டு புள்ளிகள் அதில் இல்லை. அறிக்கை இயக்குநரின் பெயரில் இருந்தது. அடுப்பம்மாவின் பெயர் கடைசிப் பக்கத்து நன்றியுரையில், படம் வரைந்தவருக்கும் தட்டச்சு செய்தவருக்கும் நடுவில் இருந்தது. அவ்வறிக்கையை ஆதாரமாகக் கொண்டே அரசின் கழிவுக் கொள்கை எழுதப்பட்டது. உருளைகளைச் சுற்றிக் களிமண் அரண் தேவையில்லை, செலவு மிச்சம் என்று முடிவாயிற்று. இயக்குநருக்குப் பதக்கம் கிடைத்தது.

அவள் வேலையை விட்டு ஒரு பல்கலைக்கழகத்தில் உலோக அரிப்பைக் கற்பிக்கச் சென்றாள். நல்ல ஆசிரியை என்று பெயரெடுத்தாள். மகனை வளர்த்தாள், வீடு கட்டினாள், கணவரின் சர்க்கரை நோய்க்குப் பத்தியம் பார்த்தாள். இத்தனைக்கும் நடுவே, அந்த மனிதரைத் தரையில் உட்காரவைக்கும் நாளைப் பற்றி நினைக்காமல் அவள் ஒரு வாரத்தையும் கழித்ததில்லை. நாட்டு நலனுக்காகத்தான் பதைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் அழகாக இருந்திருக்கும். அவள் அப்படித் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. நாட்டு நலன் இரண்டாவது. முதலாவது, அந்தச் சோபா.

பத்து ஆண்டுகள் கழித்து வாய்ப்பு வந்தது. கழிவுக் கண்ணாடியை ஆராயத் தனி மையம் ஒன்று நிறுவ அமைச்சகம் முன்வந்தது. விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வல்லுநர் குழுவில் அவளையும் சேர்த்தது. முதலில் நின்ற விண்ணப்பம் இயக்குநருடையது. அவருக்கு மையத்தின்மேல் அப்படியொன்றும் ஆசையில்லை என்பது துறையில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு ஆண்டுகளில் தலைநகரில் எரிசக்தி ஆலோசகர் பதவி காலியாகும். அதற்கு ஏறும் படிக்கட்டுதான் இந்த மையம்.

தான் ஒருகாலத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவள் என்பதை அவள் குழுத்தலைவரிடம் முறையாகச் சொல்லிவிட்டாள். வயதான நிலவியலாளரான தலைவர், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தை தெரிந்தவர். “இந்த வேலைக்கு நாட்டுல மொத்தமே இருபது பேரு. இதுல யாருக்குக் கீழ யாரு வேலை பாக்கல? ஐஞ்சு வருஷம் தாண்டிட்டா விதி தடுக்காது. உக்காருங்கம்மா” என்றார்.

வீட்டில் அண்ணியிடம் சொன்னபோது அவள் கத்தரித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். விண்ணப்பத்தைத் தள்ளிவிடப் போவதாக இவள் சொன்னாள். அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. தள்ளினால் அவன் நாளைக்கே வேறு கதவைத் தட்டுவான், உன்னைப் பொறாமைக்காரி என்பான், நாலு பேர் நம்புவார்கள் என்றாள். முப்பது ஆண்டு நீதிமன்றத்தில் உட்கார்ந்தவள் அவள்.

“தண்டனை குடுத்தா ஒருநாள் முடிஞ்சுடும்மா. எங்க கோர்ட்ல ஆளுங்க எதுக்குப் பயப்படுவாங்க தெரியுமா? வாய்தாவுக்கு. வருஷக்கணக்கா வந்து நில்லுன்னா, எப்பேர்ப்பட்ட சிங்கமும் தேய்ஞ்சு எலியாயிடும்.”

அடுப்பம்மா எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மையத்தை அவருக்குக் கொடுத்துவிடலாம் என்றாள்.

நேர்காணலன்று இயக்குநர் பட்டுப்போலப் பேசினார். அவளைக் கண்டதும், பழைய சோபாவையெல்லாம் மறந்தவராக, “மேடம் எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி” என்று எல்லாருக்கும் அறிமுகம் செய்தார். ‘அம்மா’வாக இருந்தவள் பத்தாண்டில் ‘மேடம்’ ஆகியிருப்பதை அவள் குறித்துக்கொண்டாள். அமைச்சகச் செயலாளர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தபடியே இயக்குநர் தம் உரையை முடித்தார்: “இந்தத் துறையில அவசரம்கிறதே கூடாதுங்க. காத்திருக்கத் தெரியாதவங்க இதுக்கு வரவே கூடாது.”

செயலாளர் தலையசைத்தார். தலைவர்கூட விழித்துக்கொண்டார்.

“சார் சொன்னது ரொம்பச் சரி” என்றாள் அடுப்பம்மா. “அதையே நிபந்தனையா எழுதிக்கலாம்.”

எழுதுவதற்கு அவள் ஆயத்தமாகவே வந்திருந்தாள். முன்பு சோதித்த அதே கண்ணாடி, அதே சூடு, இம்முறை ஏழு ஆண்டுகள். இடையில் ஒருமுறை சூடு தணிந்தாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வோர் அளவையும் மையத்தின் தலைவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஏழாண்டும் முடியும்வரை அவர் வேறு பதவி எதுவும் ஏற்கக் கூடாது. முடிவு எதுவானாலும், பழைய அறிக்கைகளோடு ஒப்பிட்டு, இதே குழுவின் திறந்த கூட்டத்தில் அவரே வாசிக்க வேண்டும்.

பதவி பற்றிய வரியில்தான் இயக்குநரின் முகம் மாறியது. கடைசி நிபந்தனையை அவர் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. பத்தாண்டாகச் சொல்லிச் சொல்லித் தம் அறிக்கையைத் தாமே முழுவதும் நம்பிவிட்டிருந்தார்.

“மேடம், ஒரு ரெண்டு வருஷம் நான் ஓட்டிட்டு, அப்புறம் வேற ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சா…”

“உங்களை மாதிரி காத்திருக்கத் தெரிஞ்ச இன்னொருத்தரை நாங்க எங்க சார் போய்த் தேடறது?”

யாரோ சிரித்தார்கள். செயலாளரும் புன்னகைத்தார். வாயால் சொன்னதை அவர் எதிரிலேயே விழுங்க இயக்குநரால் முடியவில்லை. ஒப்புக்கொண்டார்.

இரண்டாம் ஆண்டில் ஆலோசகர் பதவி காலியானது. அது இயக்குநரிடம் ஒருகாலத்தில் பயிற்சி பெற்ற ஆளுக்குப் போயிற்று; இயக்குநர் அந்த ஆளுக்கே ஆண்டறிக்கை அனுப்ப வேண்டியதாயிற்று. குழு நியமித்த கண்காணிப்பு உறுப்பினர் என்ற முறையில் அடுப்பம்மா ஆண்டுதோறும் மையத்துக்குச் சென்றாள். ஊருக்கு வெளியே, பேருந்து நின்றபின் நெடுந்தூரம் நடக்கவேண்டிய கட்டடம். ஒவ்வொரு முறையும் அவள் அனல்பெட்டிகளை ஒன்று விடாமல் பார்த்தாள். அவரை அருகே நிற்கவைத்தே பார்த்தாள். வெளிநாட்டு மாநாடுகளுக்கு விடுப்புக் கேட்டார். அளவெடுக்கும் நாளோடு மோதுகிறது என்று அவள் மறுத்தாள். மகள் கல்யாணத்துக்குக் கேட்டபோது கொடுத்தாள். கொடுத்ததற்காகப் பின்னால் கொஞ்சம் வருந்தினாள்.

நான்காம் ஆண்டு புயலில் மின்சாரம் போயிற்று. மின்னாக்கியும் மக்கர் செய்தது. சூடு தணியுமுன் அவரே மழையில் ஓடிப்போய், பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து ஒரு மின்னாக்கியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். செய்தி கேட்டு அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருந்தால் இன்னும் ஏழாண்டு. அடுத்த முறை போனபோது, விசிறியின் ஓசையை வைத்தே எந்தப் பெட்டியில் கோளாறு என்று சொல்லும் அளவுக்கு அவர் தேறியிருந்தார். தலையும் நன்றாக நரைத்திருந்தது. அதைக் கண்டு அவள் மனம் இளகியிருக்கும் என்று நினைப்பவர்கள் அவளை அறியாதவர்கள்.

ஆறாம் ஆண்டின் இறுதியில் அவளுக்குத் தொலைபேசி வந்தது.

“மேடம். ஏறுது.”

“எது ஏறுது, சார்?”

“போரான். ஐஞ்சு கலத்துல.”

“கருவிப் பிழையா இருக்குமோ?”

“மூணு கருவியில பாத்தாச்சு, மேடம்.”

எத்தனை ஆண்டுகளாக இந்தச் சொல்லுக்குக் காத்திருந்தாள். ஆனால், அந்தக் கணத்தில் அவளுக்கு ஒரு பயமே முதலில் தோன்றியது. கலங்கள் அவர் கையில் இருக்கின்றன. கையெழுத்தும் அவருடையது. முன்பு செய்ததுபோலவே இப்போதும் சில புள்ளிகளை அவர் விட்டுவிட்டால், யார் என்ன செய்ய முடியும்? புதையப்போகும் உருளைகள் அரணில்லாமலே புதையும். அவர் இரண்டாவது பதக்கத்தோடு ஓய்வு பெறுவார்.

அவரும் அதைத்தான் யோசித்திருந்தார் போலும். ஏழாம் ஆண்டு முடிந்ததும் இந்த முடிவை வெளியிட்டுவிடலாம் என்றும், பழைய அறிக்கையை மட்டும் தொடாமல் விட்டுவிடலாமே என்றும் மெல்லக் கேட்டார். அது வேறு காலத்துச் சோதனை, வேறு கருவிகள். கிளறுவதால் யாருக்கு என்ன லாபம்?

“தொட்டுத்தான் ஆகணும், சார். நீங்க விட்ட அந்த ரெண்டு புள்ளியையும் சேர்த்துத்தான் வாசிக்கணும்.”

“மேடம், நான் ஓய்வு பெறப் போறவன்.”

“எனக்கு அன்னைக்கே ஓய்வு குடுத்துட்டீங்களே.”

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். வாசிப்பாரா மாட்டாரா என்று தெரியாமலே அவள் ஓராண்டைக் கழித்தாள். அந்த ஓராண்டு, முன்னைய பதினாறு ஆண்டுகளைவிடவும் நீளமாக இருந்தது. கணவரிடம் எரிந்து விழுந்தாள். மாணவர்களின் விடைத்தாள்களில் சிவப்பு மையைக் கொட்டினாள்.

திறந்த கூட்டத்தில் நாற்காலிகள் போதவில்லை. உருளைகளை வடிவமைக்கும் பொறியாளர்கள், புதைக்கும் இடத்துக்கருகே குடியிருப்பவர்களின் பிரதிநிதிகள், ஆலோசகராகிவிட்ட பழைய பயிற்சி மாணவர் என்று எல்லாரும் வந்திருந்தார்கள். இயக்குநர் தாள்களோடு எழுந்தார். முதல் அரைமணி நேரம் சோதனை முறையைப் பற்றிப் பேசினார். அடுப்பம்மா முன்வரிசையில், மடியில் கைகளைக் கோத்தபடி அமர்ந்திருந்தாள். ஏறிய புள்ளிகளைத் திரையில் காட்டினார். அரங்கில் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அவர் தண்ணீர் குடித்தார். அடுத்த தாளைப் புரட்டினார். அவளைப் பார்க்காமல் வாசித்தார்.

“முந்தைய சோதனையிலும் ஆறாம் ஆண்டில் இதே ஏற்றம் காணப்பட்டது. அதைக் கருவியின் பிழை என்று ஒதுக்கியவன் நான். முடிவு தெரியுமுன் சோதனையை நிறுத்த உத்தரவிட்டவனும் நானே. எனவே என் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்.”

அத்தனை பேர் இருந்தும், தாள் மேசையில் வைக்கப்படும் ஓசை கேட்டது. பிறகு கேள்விகள் தொடங்கின. பொறியாளர் ஒருவர், களிமண் அரணை நீக்கச் சொன்னது யார் என்று கேட்டார். குடியிருப்பவர்களின் சார்பில் வந்த பெண்மணி நேரடியாகவே, “எங்க தலைமேல கையெழுத்துப் போட்டது நீங்கதானா?” என்று கேட்டார். இயக்குநர் ஒவ்வொன்றுக்கும் நின்றபடியே பதில் சொன்னார். உட்காரச் சொல்லலாமே என்று குழுத்தலைவர் அடுப்பம்மாவின் பக்கம் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்தபோது வாசலில் அவர் அவளை நிறுத்தினார்.

“இதுக்குத்தான் அன்னைக்கே அந்த நிபந்தனையைப் போட்டீங்களா?”

“ஆமா, சார்.”

அவர் மேலும் எதையோ எதிர்பார்த்து நின்றார். அவள் அவரைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள். வழிவிட்டு விலகினார்.

வீட்டில் அண்ணி கதவருகிலேயே காத்திருந்தாள். செருப்பைக் கழற்றக்கூட விடாமல், ஒரு சொல் விடாமல் ஒப்பிக்கச் சொன்னாள். இவள் ஒப்பித்தாள். அண்ணி திருப்தியோடு பெருமூச்சு விட்டாள்.

“வயிறு குளிர்ந்துச்சா?”

அடுப்பம்மா செருப்பைக் கழற்றினாள்.

“பின்வரிசைக்குச் சரியாக் கேட்டிருக்காது, அண்ணி. இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லியிருக்கலாம்.”